தொழிற்சாலைக்குக் குழந்தைகள் ஏன் போனார்கள்? மான்செஸ்டர் முதல் சிவகாசி வரை



"தொழிற்புரட்சிக் காலத்தில் குழந்தைத் தொழிலாளர் முறை பெருகக் காரணங்கள் யாவை?" வரலாற்றுத் தேர்வில் இப்படி ஒரு 5 மதிப்பெண் கேள்வி வரும். வறுமை, கல்வியறிவின்மை, பெரிய குடும்பம், குறைந்த கூலி, சட்டம் இல்லாமை என்று 5 வரி எழுதினால் 5 மார்க் கிடைத்துவிடும். அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் முதல் வரியான வறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு எதிர்க்கேள்வி கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கொல்லிமலையில் இல்லாத வறுமையா?

அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு தலைமுறைக்கு முன் வானம் பார்த்த சாமையும் தினையும்தான். பிறகு மரவள்ளி வந்தது. பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், குருவி விரட்டினார்கள், தம்பி தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தார்கள். எல்லாமே வேலைதான். ஆனால் விடியும் முன் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்து, நூற்றுக்கணக்கான சிறுமிகளை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகும் காட்சி இங்கே இல்லை. அது சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் இருந்தது. வறுமை இரண்டு இடத்திலும் உண்டு, பஸ் ஒரு இடத்தில்தான் உண்டு. அப்படியானால் வறுமையைத் தாண்டி வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அது என்ன என்று தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

வேலை பழையது, முதலாளி புதியவர்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். குழந்தைகள் வேலை செய்வதைத் தொழிற்புரட்சி கண்டுபிடிக்கவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளை உழவும், நெசவாளர் வீட்டுப் பிள்ளை தார் சுற்றவும் காலங்காலமாகக் கற்றுக்கொண்டுதான் வந்தார்கள். அங்கே வேலை வாங்கியவர் அப்பாவோ மாமாவோ. பிள்ளை சோர்ந்தால் நிறுத்திக்கொள்ளலாம், மழை வந்தால் வீட்டுக்கு ஓடலாம். கற்ற தொழில் பிற்காலத்தில் சோறும் போட்டது.

தொழிற்சாலை இந்த மூன்றையும் மாற்றியது. வேலை வாங்குபவர் அந்நியர். வேகத்தை முடிவு செய்வது இயந்திரம், அல்லது துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கு. கற்றுக்கொள்ள அங்கே தொழில் என்று ஒன்றும் இல்லை. 10 வருடம் அறுந்த நூலை முடிந்தாலும் ஒரு பிள்ளைக்கு நெசவு தெரியாது!

இங்கிலாந்தில் நடந்தது

1771ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பவர் டெர்வென்ட் ஆற்றங்கரையில் குராம்ஃபோர்டு என்ற ஊரில் நீர்விசையால் இயங்கும் பஞ்சாலையை அமைத்தார். ஆற்று வேகம் இருந்த இடத்தில் ஆலை வந்தது, ஆனால் அங்கே ஆட்கள் அதிகம் இல்லை. அதனால் பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களாகப் பார்த்துக் குடியமர்த்தினார்கள். வேறு சில ஆலைகள் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தன. அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் பராமரிக்கும் பொறுப்பு அந்தக் காலத்தில் திருச்சபை வட்டாரங்களுக்கு இருந்தது. அவர்களுக்கு அது செலவு, ஆலைக்கோ ஆள் தேவை. லண்டனிலிருந்து வண்டி வண்டியாகக் குழந்தைகள் வடக்கே அனுப்பப்பட்டார்கள். பெயர் 'தொழில் பழகுநர்'. சோறும் துணியும் படுக்க இடமும் உண்டு, கூலி கிடையாது.

இங்கே முதல் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நூற்பு இயந்திரம் வருவதற்கு முன் நூல் நூற்கக் கைத்திறன் வேண்டும். இயந்திரம் அந்தத் திறனைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த வேலைகள் அறுந்த இழையை முடிவதும், ஓடும் இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து பஞ்சுத் துணுக்கைப் பொறுக்குவதும். அதற்குப் பெரியவரின் உடல் பலமும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம். சின்ன உடம்பும் அடங்கிப் போகும் குணமும் போதும். அந்த இரண்டும் மிக மலிவாகக் கிடைத்தது குழந்தைகளிடம்.

சட்டம் என்ன செய்தது? 1802ல் முதல் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் மூத்த ராபர்ட் பீல், அவரே ஒரு ஆலை முதலாளி! பழகுநர் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது அது. கண்காணிக்கத் தனி அதிகாரிகள் இல்லாததால் பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. 1819ல் பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் கீழ் கூடாது என்றார்கள். அதற்கும் அதே கதி. 1833ல்தான் திருப்பம் வந்தது. 9 முதல் 13 வயது வரை நாளுக்கு 9 மணி நேரம் மட்டும், கூடவே தினம் 2 மணி நேரம் பள்ளி, எல்லாவற்றையும் பார்க்க அரசு ஆய்வாளர்கள். நாடு முழுவதற்கும் 4 பேர்தான். ஆனாலும் ஆய்வாளர் என்ற ஒருவர் வந்த பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. 1842ல் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும், எல்லா வயதுப் பெண்களும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யத் தடை வந்தது.

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 1844ல் வேலை நேரத்தைக் குறைத்த கையோடு ஆலையில் சேரும் வயதை 8 ஆக இறக்கினார்கள். பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்ற அந்த 'அரை நேர' முறையை ஒழிக்கச் சட்டம் போட 1918 ஆயிற்று. இடையில் 1880ல் 5 முதல் 10 வயது வரை பள்ளி கட்டாயம் ஆனது. பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும் என்றால் அந்த நேரத்தில் ஆலையில் இருக்க முடியாது. ஆலை வாசலில் நின்று வயதைச் சோதிப்பதைவிடப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது சுலபம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக்கு வந்த சட்டம், யாருடைய கருணை?

1854ல் பம்பாயில் பஞ்சாலைத் தொழில் தொடங்கியது. பிறகு சென்னை, கோவை, மதுரை, தூத்துக்குடி என்று இங்கேயும் ஆலைகள் வந்தன. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ல் வந்தது. அதன்படி 7 வயதுக்குக் கீழ் கூடாது, 7 முதல் 12 வரை 9 மணி நேரம் மட்டும். படிக்கும்போதே திகைப்பாக இருக்கிறது. 7 வயது என்றால் இரண்டாம் வகுப்பு!

இந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்த சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற நல்ல மனிதர்கள் பம்பாயில் இருந்தார்கள். ஆனால் லண்டனில் அழுத்தம் கொடுத்தவர்களில் மான்செஸ்டர் பக்கத்து ஆலை முதலாளிகளும் உண்டு. தங்கள் ஆலைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது இந்திய ஆலைகள் கட்டுப்பாடின்றி மலிவாக நூற்றால் போட்டி போட முடியாது என்பது அவர்கள் கவலை. நம் தரப்பில் சிலர் இதையே காட்டி, "இது இந்தியத் தொழிலை நசுக்கும் சூழ்ச்சி" என்று சட்டத்தை எதிர்த்தார்கள். இரண்டு தரப்பு முதலாளிகளும் தேசத்தின் பெயரால் வாதாட, நடுவில் நின்ற குழந்தைக்காக வாதாடியவர்கள் சிலர்தான்.

1891ல் வயது 9 ஆனது. 1922ல் 12 ஆனது. சரி, முன்னேற்றம்தானே என்று தோன்றும். ஆனால் 1881 சட்டம் 100 பேருக்கு மேல் வேலை செய்யும், விசையால் இயங்கும் ஆலைக்கு மட்டுமே பொருந்தும். 1891ல் அது 50 பேர் ஆனது. கொட்டகையில் பீடி சுற்றும் இடமோ, கம்பளி நெய்யும் பட்டறையோ, தோல் பதனிடும் இடமோ சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே இல்லை. பெரிய ஆலையின் கதவு மெல்ல மூட, குழந்தைகள் சின்னப் பட்டறைகளின் பக்கம் போனார்கள்.

அடமானம் வைக்கப்பட்ட பிள்ளைகள்

1929ல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான ராயல் தொழிலாளர் கமிஷன் 1931ல் அறிக்கை கொடுத்தது. பீடி போன்ற பட்டறைகளில் 5 வயதுக் குழந்தைகள்கூட 10, 12 மணி நேரம் வேலை செய்ததையும், மிகச் சிறியவர்களுக்கு 2 அணா போலக் கூலி கொடுக்கப்பட்டதையும் அது பதிவு செய்தது. அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில் ஒரே வழக்கம் இருந்ததையும் கண்டது. பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள், அதற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பை எழுதிக் கொடுப்பார்கள். அண்டாவையும் தோட்டையும் அடகு வைப்பது போல!

இதன் விளைவாக 1933ல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. தண்டனை என்ன தெரியுமா? பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், முதலாளிக்கு 200 ரூபாய் வரை.

இங்கே இரண்டாவது காரணம் தெரிகிறது. அது வெறும் வறுமை அல்ல, கடன். வறுமை ஒரு குடும்பத்தை எந்த வேலைக்கும் தயாராக்கும். முன்பணமோ ஒரு குறிப்பிட்ட பிள்ளையை, ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டிப்போடும். கல்யாணம், சாவு, மருத்துவம், மழை பொய்த்தது... இவற்றுக்கு வங்கி கடன் தராது. பட்டறைக்காரர் தருவார்.

சிவகாசி: ஒரு தீக்குச்சியின் வரலாறு

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். கரிசல் மண், குறைந்த மழை, விவசாயத்தை நம்ப முடியாத ஊர்கள். தீக்குச்சி காய அந்த வெயில் வசதி, ஆட்களுக்கோ வேறு வேலை இல்லை. கொட்டகை போட்டு ஆரம்பித்த தொழில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. பிறகு பட்டாசும் அச்சும் சேர்ந்து அது 'குட்டி ஜப்பான்' ஆனது. ஒரு வறண்ட ஊர் தன் முயற்சியால் எழுந்த கதை அது, குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்குள் (அந்தப் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று பாருங்கள். மருந்து முக்குவது பெரியவர் வேலை. அதற்கு முன் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்க வேண்டும், அது கட்டை அடுக்குவது. பிறகு காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைக்க வேண்டும், கூடு ஒட்ட வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும். எல்லாம் எண்ணிக்கைக் கூலி. ஒரு கட்டைக்கு இவ்வளவு, ஒரு குரோசுக்கு இவ்வளவு. மான்செஸ்டரில் இயந்திரம் செய்ததை இங்கே வேலைப் பிரிவினையே செய்துவிட்டது. திறமை தேவைப்படாத சின்னச் சின்னத் துண்டுகளாக வேலை உடைந்தது. அந்தத் துண்டுகளுக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.

அதிலும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பையன் பள்ளிக்குப் போவான், பெண் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள், அவள் கல்யாணச் செலவுக்கு அவளே சேர்ப்பாள் என்பதுதான் வீட்டுக் கணக்கு. 1983ல் ஸ்மிது கோத்தாரி சிவகாசி பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு நாடே திரும்பிப் பார்த்தது. அந்தக் காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்ட மதிப்பீடு சுமார் 45,000 குழந்தைகள். எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படம் இந்த வாழ்க்கையைப் பற்றியதுதான். வாய்ப்பு கிடைத்தால் பாருங்கள்.

"பிஞ்சு விரல்கள்தான் இதற்கு வசதி, பெரியவர்களால் முடியாது" என்று ஒரு வாதம் உண்டு. இதற்குப் பதில் பக்கத்திலேயே இருந்தது. 1923ல் சுவீடன் நிறுவனம் தொடங்கிய விம்கோ இதே இந்தியாவில், சென்னை திருவொற்றியூர் உட்பட, இயந்திரம் வைத்துப் பெரியவர்களைக் கொண்டே தீப்பெட்டி செய்துகொண்டிருந்தது. அதே குச்சி, அதே பெட்டி! விரல் அளவில் விஷயம் இல்லை, கூலி அளவில்தான் இருந்தது.

சட்டத்தில் ஓட்டை, வரியில் வாசல்

மூன்றாவது காரணத்துக்கு வருகிறோம். இதை எந்த 5 வரி விடையிலும் நான் பார்த்ததில்லை.

அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. கையால் செய்யும் சின்ன ஆலைகளுக்கு வரி குறைவு, இயந்திர ஆலைக்கு அதிகம். நோக்கம் நல்லதுதான், கிராமத்தில் நிறையப் பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்பது. ஆனால் சின்னதாக இருந்தால் லாபம் என்றானதும், ஒரே குடும்பத்து ஆலை பல பெயர்களில் பல சின்ன ஆலைகளாகப் பிரிந்தது. 1948ன் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் கீழ் கூடாது என்றது. ஆனால் விசை இல்லாத இடமாக இருந்தால் 20 பேராவது இருந்தால்தான் அது பொருந்தியது. சின்னதாக இருந்தால் இங்கேயும் தப்பிக்க முடிந்தது!

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1938ன் குழந்தைகள் வேலைச் சட்டம் பீடி, தீப்பெட்டி, பட்டாசு போன்ற பட்டறைகளில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடுத்தது. ஆனால் கூலிக்கு ஆள் வைக்காமல் குடும்பத்தார் உதவியோடு மட்டும் நடக்கும் பட்டறைக்கு விலக்கு. 1986 சட்டத்திலும் குடும்ப விலக்கு. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடுத்தது, பாராட்ட வேண்டும். ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்ற விலக்கு அதிலும் உண்டு. ஏறத்தாழ 80 வருடங்களாக ஒரே ஜன்னல் திறந்தே இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் கூடு ஒட்டும் சிறுமி அம்மாவுக்கு உதவுகிறாளா, முதலாளிக்கு உழைக்கிறாளா? எந்த ஆய்வாளர் போய்ச் சொல்ல முடியும்?

நீதிமன்றமும் ஒரே நாளில் தெளிவுக்கு வரவில்லை. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1990ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பு நடக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் பொட்டலம் கட்டும் வேலையில் குழந்தைகள் இருக்கலாம், பெரியவர் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம் கொடுங்கள் என்றது. அதே வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு வேறு மாதிரி. சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பார்த்துத் தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குழந்தையை நிறுத்தினால் அந்த வீட்டு அடுப்புக்கு என்ன வழி என்று கேட்ட தீர்ப்பு என்பதால் அது முக்கியம்.

பிறகு எப்படிக் குறைந்தது?

மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 14 வயது வரை வேலை செய்த குழந்தைகள் 1981ல் சுமார் 9.75 லட்சம். 1991ல் 5.79 லட்சம். 2001ல் 4.19 லட்சம். பாதிக்கும் கீழே! இந்த 20 வருடத்தில் தமிழ்நாட்டு வறுமை ஓடிப்போய்விட்டதா என்ன? கரிசல் காட்டில் மழை கூடிவிட்டதா? இல்லையே.

கூடியது வேறு. 1956ல் காமராஜர் ஆரம்பித்த மதிய உணவும், 1982ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் ஒரு வேளைச் சோற்றைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்தன. காமராஜர் அதே விருதுநகர்க்காரர். படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளை என்பதை நினைத்தால் ஏதோ செய்கிறது. பள்ளி கிராமத்துக்குப் பக்கத்தில் வந்தது. இலவசப் பாடநூலும் பஸ் பாஸும் வந்தன. ஆய்வும் வழக்கும் வந்தன. குச்சி அடுக்க இயந்திரம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் 6 முதல் 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமை ஆனது. இங்கிலாந்தில் 1880ல் நடந்தது நினைவிருக்கிறதா? பள்ளி மணி அடித்த பிறகுதான் ஆலைச் சங்கு ஓய்ந்தது. அங்கேயும் இங்கேயும் அதே வரிசை.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான். வறுமை பிள்ளையை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தும். வாசலில் பஸ்ஸை நிறுத்துவது வேறு கைகள். துண்டாக உடைக்கப்பட்ட வேலை, முன்பணம், சின்னப் பட்டறையைப் பார்க்காத சட்டம், மகளின் படிப்பை வீண் என்று நினைக்கும் கணக்கு, எட்டாத பள்ளி. கூடவே மலிவாகவே வேண்டும் என்ற நாமும். ஒரு தீப்பெட்டி 2007ல் 1 ரூபாய் ஆனது, 2 ரூபாய் ஆக 2021 டிசம்பர் வரை ஆயிற்று. அந்த 14 வருடத்தில் வேறு எந்தப் பொருள் விலை ஏறாமல் இருந்தது?

இது பழைய கதை இல்லை

"எல்லாம் முடிந்துபோன விஷயம்" என்று நினைக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024ல் உலகில் சுமார் 13.8 கோடி குழந்தைகள் வேலை செய்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2000க்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், நாமக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியது. பருவப் பெண்கள் 3 வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்வார்கள், முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தப் பணம் கிடைக்கும். நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணம் போச்சு என்ற புகார்கள் ஏராளம். அவர்களுக்குக் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? 'பயிற்சியாளர்'! லண்டனிலிருந்து வண்டியில் போன 'தொழில் பழகுநர்' ஞாபகம் வருகிறதா? விடுதி, பழகுநர் என்ற பெயர், வருடக் கணக்கு ஒப்பந்தம், கூலியைக் கடைசிக்குத் தள்ளுவது... 200 வருடம் கழித்து அதே சட்டை, வேறு சாயம்.

நம் மலையிலிருந்து 8ம் வகுப்போ 10ம் வகுப்போ முடித்த ஒரு பெண் அடுத்த வகுப்புக்கு வரவில்லை என்றால், "வீட்டில் கஷ்டம் போல" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அது விடையில் ஒரு வரிதான். மீதி நான்கு வரிகளையும் கேட்க வேண்டும். யார் வந்து பேசினார்கள்? முன்பணம் எவ்வளவு கொடுத்தார்கள்? எத்தனை வருடம் என்றார்கள்? மேல்நிலைப் பள்ளிக்குப் போக எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா? 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆபத்து என்றால் 1098க்கு எந்த போனிலிருந்தும் காசில்லாமல் கூப்பிடலாம் என்பதாவது அவளுக்குத் தெரியுமா?

அடுத்த முறை தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் வறுமையை முதல் வரியாக எழுதுங்கள். ஆனால் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள்.